காலிக் கொக்கி

எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தாகிவிட்டது. கூடத்தில் ரப்பர் சூடான வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. உங்கள் இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து வருவது. அதன் பெல்ட் அறுந்தபோது, என் தையல் பெட்டியிலிருந்து இலாஸ்டிக்கைக் கேட்காமல் எடுத்து, அளவாக வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தைத்து மாட்டினீர்கள். "சும்மா ரெண்டு நாளிக்கு" என்றீர்கள். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. தையல் போட்ட இடம் வரும்போதெல்லாம் இசை லேசாக விக்குகிறது. அந்த விக்கலும், தட்டுகளில் வாசிக்கும் ஜெர்மன்காரர்கள் வேண்டுமென்றே வைத்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வைத்தவற்றில் அது ஒன்றுதான் நேரம் தவறாமல் வந்தது.

இன்று உங்களுக்கு ஆண்டு நினைவு. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குழம்பிப் போயிருக்கும்போது வரிசையாகச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

போன வாரம் கன்னியப்பன் வந்தார். துறைமுகத்தில் நீங்கள் கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருக்க, கீழே கப்பல் தளத்தில் நின்று உங்களுக்குக் கையால் சைகை காட்டிய அதே கன்னியப்பன். இப்போது காது கொஞ்சம் மந்தம். திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வந்தாராம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணி, ஞாயித்துக்கெயம செபம் முட்ஞ்ச ஒடனே, அண்ணன் கேக்குமே அந்த ஜெர்மன்காரன் பாட்டு, அதுல ஒண்ணு போடணும். நம்ம கேங்குல மிச்சம் கீறவங்க அல்லாரும் வராங்க."

செபம் சொன்ன அறையில் அதெல்லாம் பொருந்தாது என்றேன்.

"இன்னா அண்ணி, அதுல ஒரு கெட்ட வார்த்த கெடியாது. வார்த்தயே கெடியாது."

சரி, எந்தத் தட்டு என்று கேட்டேன். அவருக்கு அதிகம் பிடித்தது எது?

"அத்த என்ன கேட்டா? நான் கீய நின்னுகினு இருந்தவன். வூட்ல கூட குந்தினு இருந்தது நீங்கோ."

உங்களுக்கு எந்தச் செருப்பு எந்த விரலைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். வஞ்சிரத்தில் எந்தத் துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பீர்கள் என்று தெரியும். அலமாரியில் அடுக்கி வைத்திருந்த அந்தத் தட்டுகளில் எது உங்களுடையது என்று தெரியவில்லை. ஒருமுறைகூட நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. தப்பான தட்டைப் போட்டால் அங்கே உட்காரப் போகிறவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். எதையும் தப்பாகச் செய்து பழக்கமில்லாதவள் நான்.

அந்தத் தட்டுகள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஏதோ உதிரி பாகம் வராமல் ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பல் நாள் கணக்கில் நின்றுபோயிருந்தது. அதன் மூன்றாம் எஞ்சினியரைச் சாப்பிட அழைத்து வந்தீர்கள். நமக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் கரண்டியால் குடித்தார். மீன் குழம்பின் காரத்தில் கண்ணீர் வடிந்தது, ஆனால் தட்டைத் தள்ளவில்லை. உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அவருக்கும் வராது. நடுவில் நான் மொழிபெயர்த்தேன். அவர் ஆங்கிலத்தை ஓரிரண்டு இடத்தில் திருத்தவும் செய்தேன். நன்றி சொன்னார்.

அவரைக் கப்பலிலிருந்து இறங்கி விமானத்தில் ஊர் திரும்பச் சொல்லிவிட்டார்கள். பெட்டியையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று இங்கேயே கொடுத்துவிட்டார். முதல் தட்டை அவரே போட்டார். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆரம்பம் எங்கே, சரணம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோதே பக்கம் முடிந்துவிட்டது. கான்வென்டில் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர், "எந்தச் சுரத்தில் புறப்பட்டாயோ, அந்தச் சுரத்தில் வந்து நில்" என்பார். இவர்கள் புறப்பட்டதாகவே தெரியவில்லை, பிறகு எங்கே வந்து நிற்பது? இதை இயற்றியவர் யார் என்று எஞ்சினியரிடம் கேட்டேன்.

"யாரும் இல்லை. அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்" என்றார்.

இதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்கும். என்ன வாசிக்கப்போகிறோம் என்று தெரியாமலே வாசிக்கிறார்களாம், வெட்கமில்லாமல் அதைத் தட்டிலும் போட்டு விற்கிறார்களாம் என்றேன். நீங்கள் விரலை நக்கிக்கொண்டே, "அப்ப நம்மாளுங்கதான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரு தட்டு. நான் சமையலறையில், நீங்கள் கூடத்தில், கால்களை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. உறைமேல் இருந்த ஜெர்மன் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. நீங்களே பெயர் வைத்தீர்கள். இந்த வாரம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல நேராக உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் 'கூட்ஸ் வண்டி'. ஒரே தாளம், ஒரு பக்கம் முழுக்க. கொருக்குப்பேட்டைப் பக்கம் கேட் மூடியிருக்கும்போது எண்ணி முடிக்க முடியாமல் போகும் வேகன்கள் மாதிரி. அடித்தவர் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் ஒரு சங்கதி. கொஞ்ச நேரம் கழித்து, தாளம் மாறாமலே வேறு மாதிரிக் கேட்டது. அவர்கள் எதையும் மாற்றவில்லை. அப்படியானால் மாறியது யார்? எழுந்து போய் அரிசி களைந்தேன். களைந்த கை அந்தத் தாளத்தில் போனது.

அடுத்தது 'எண்ணூர்'. அதில் தாளமே இல்லை. ஆர்கன் போல ஒன்று, அதன் மேல் ஒரு யந்திரத்தின் முனகல், அதன் மேல் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. வடக்கிலிருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துவோமே, அந்த ஆலைப் புகைக்கு ஓசை இருந்தால் இப்படித்தான் இருக்கும். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுப் பாத்திமா மாடிப்படி ஏறி வந்தாள்.

"இன்னா டீச்சர், மிக்ஸி ரிப்பேரா? எங்க ஊட்டுக்காரர் ஆள இட்டாரட்டான்னு கேக்கச் சொன்னாரு."

"இது இசை" என்றேன்.

நின்று கேட்டாள். "சார் கேட்டதா?" என்றாள். ஆமென்றேன். அதன் பிறகு படியிலேயே உட்கார்ந்து, அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டாள். "பயமா கீது டீச்சர், ஆனா எந்திரிக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தட்டைப் பற்றி இதைவிடச் சரியாக என்னால் எழுத முடியாது.

'தண்ணி பைப்பு' என்றொன்று. எங்கோ சொட்டும் தண்ணீர், புல்லாங்குழல், தோல் வாத்தியம், நடுவில் காரணமில்லாமல் ஒரு பெண் சிரிக்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு 'காலிக் கொக்கி'. உறையில் நட்சத்திரங்கள், குழந்தை வரைந்ததுபோல. ஒரு கிட்டார் மேலே போகிறது. எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தெரியவில்லை. வெகு உயரம் போய், அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. வெறும் கையோடு போய் வெறும் கையோடு வருகிறது.

வேலூரிலிருக்கும் மகள் போனில் சொன்னாள், இந்த மாதிரித் தட்டுகளை இப்போது உலகம் முழுக்கத் தேடிக் கேட்கிறார்களாம். விண்வெளி ராக் என்றும் க்ராட்ராக் என்றும் பெயராம். க்ராட் என்றால் முட்டைக்கோஸ் என்று அவளே தேடிப் பார்த்துச் சொன்னாள். ஜெர்மன்காரர்களை மட்டம் தட்ட மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. இதை அப்போது காதில் வாங்கிக்கொண்டேனே தவிர, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாத் தட்டும் கேட்டும் உங்களுடையது எது என்று தெரியவில்லை. இதில் இன்னொரு சங்கடம். வருடக்கணக்கில் முள்ளை நீங்கள்தான் வைப்பீர்கள். என் வலது கை இப்போது நடுங்குகிறது. நான் வைக்கும்போதெல்லாம் முள் விழுந்து 'கர்ர்' என்று கீறியது. ஒவ்வொரு முறையும் உங்கள் புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கன்னியப்பன் நாற்காலிகளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி வந்தார். ஒரு வருடமாக மனதில் கிடந்ததை அவரிடம் கேட்டேன். காசிமேட்டுக் கல்லறையில் உங்கள் பெட்டியைக் கயிற்றில் இறக்கியபோது, இவர் குழியின் தலைமாட்டில் நின்று, உள்ளங்கையைக் கீழே காட்டி, "ஆரியா... ஆரியா... மெதுவா ஆரியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாதிரியார் செபத்தை நிறுத்திவிட்டார். நான் கொதித்துப் போனேன். ஏனென்றால் அந்தச் சொல்லை நான் அறிவேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் உட்கார்ந்து சொல்வது. சமையலறையிலிருந்து நான் எத்தனை முறை திருத்தியிருக்கிறேன். "ஆரியா என்றால் ஆப்பராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு. இத்தாலியச் சொல். குரல் இல்லாமல் ஆரியா கிடையாது. இதில் யார் பாடுகிறார்கள்?" என்பேன். "யாரும் இல்ல டீச்சர்" என்று சிரிப்பீர்கள். அடுத்த ஞாயிறும் ஆரியா என்பீர்கள்.

இன்னொரு சொல்லும் உண்டு. இசை மேலே போகும்போது ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றி "அபீஸ், அபீஸ்" என்பீர்கள். "ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ்? உச்சரிப்பும் தப்பு" என்பேன். அதற்கும் சிரிப்புதான்.

"குழிமேட்டில் பாட்டுக் கேட்கிற நேரமா அது?" என்று கன்னியப்பனிடம் கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு காது மந்தத்தால் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று மறுபடி கேட்கச் சொன்னார். சொன்னேன்.

"அண்ணி, ஆரியான்னா எறக்கு. அபீஸுன்னா தூக்கு. கப்பல்காரன் பாஷ. அண்ணன் மேல குந்தினு இருக்கும், அதுக்கு கீய இன்னா கீதுன்னு தெரியாது. நான் கையக் காட்டி அபீஸ்னா தூக்கும், ஆரியான்னா எறக்கும். இதான் எங்க பொயப்பே."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கு அடக்க முடியாத ஏதோ ஒன்று வாயில் நின்றது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன் ஒரு நாளு வந்து சொல்லிச்சு, எங்கூட்டு டீச்சரு ஆரியான்னா பாட்டுன்னுது மாமு அப்டின்னு. அன்னிக்கி ஃபுல்லா சிரிச்சிகினு இருந்தோம். 'பாட்டு போடு நைனா, பாட்டு போடு'ன்னு கத்தி கத்தி எறக்குனோம். அப்பறம் அதுவே பயகிப்போச்சு."

"பழகிப்போச்சு என்றால்?"

"மூட்ட, இரும்பு, அதுக்கெல்லாம் ஆரியாதான். கண்ணாடி, மெஷினு, ஒடயிற சாமான் வந்துச்சின்னா மட்டும் பாட்டு. 'பாட்டு... பாட்டு...'ன்னா அண்ணனுக்குத் தெரியும், பூ மேரி வெக்கணும்னு. நாங்க ரிட்டேராவுற வரிக்கும் அப்டித்தான்."

பிறகு ஏன் குழிமேட்டில் ஆரியா என்றார் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வாய்ல பாட்டுன்னுதான் வந்திச்சு. நீங்கோ பக்கத்துல நின்னுகினு இருந்தீங்க. அதான் முயுங்கிட்டேன்."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இதுதான் உங்களிடம் நான் கேட்க வேண்டியது. என்னை வைத்து ஒரு கேங்கே சிரித்திருக்கிறது. துறைமுகத்தின் அந்தப் பக்கம் நான் ஒரு வேடிக்கைச் சொல்லாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஒவ்வொரு ஞாயிறும் நான் திருத்தத் திருத்த, நீங்கள் திங்கட்கிழமைக்குச் சரக்கு சேர்த்துக்கொண்டிருந்தீர்களா? அல்லது வேறு ஏதாவதா? வேறு என்னவாக இருக்க முடியும் என்று யோசித்தால், உடைகிற சாமான் என்று அவர் சொன்னது வந்து குறுக்கே நிற்கிறது. கோபப்படலாம் என்று எழுந்தால் அது உட்கார வைக்கிறது. சரி என்று உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு கேட்கிறது. நான் ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். இரண்டு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன். இத்தாலிய மொழியில் ஆரியா என்றால் பாட்டுதான். நான் சொன்னதில் பிழையில்லை.

நேற்று காலை ஒன்று தோன்றியது. நீங்கள் எந்தத் தட்டை விரும்பினீர்கள் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் எங்கெங்கே திருத்தினேன் என்பது வரி பிசகாமல் நினைவிருக்கிறது. யார் எங்கே தப்புச் செய்தார்கள் என்பதை நான் மறந்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். 'கூட்ஸ் வண்டி'க்கு நீங்கள் வாயே திறந்ததில்லை, கால் மட்டும் ஆடும். 'எண்ணூரு'க்கு ஓரிரு அபீஸ். 'தண்ணி பைப்பு'க்கு ஒன்றுமில்லை, நீங்கள் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரிப்பீர்கள். 'காலிக் கொக்கி' வந்தால்தான் எனக்கு அடுப்படியில் வேலை ஓடாது. விரல் சுழலச் சுழல அபீஸ், அபீஸ். பிறகு உள்ளங்கை கவிழ்ந்து, ஆரியா, ஆரியா, அந்தப் பக்கம் முடியும்வரை ஆரியா. நான் கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்று திருத்துவேன். அதிகம் சண்டை போட்டது அந்தத் தட்டோடுதான்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. வாரம் முழுக்க அடுத்தவன் கையைப் பார்த்துத் தூக்கி இறக்குகிறவர் நீங்கள். ஞாயிறு மட்டும் சைகை காட்டுவது உங்கள் முறை. அந்த ஜெர்மன்காரர்களும் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாதவர்கள், யாராவது கை காட்டினால் நல்லது என்று நினைத்தீர்களோ என்னவோ. இதுவும் என் ஊகம்தான். ஊகத்தின் மேல் நான் இதற்குமுன் எதையும் கட்டியதில்லை.

ஏன் ஒன்றுமில்லாததைத் தூக்குகிறார்கள் என்று ஒருமுறை அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டேன். "சாமான எறக்கிட்டு காலிக் கொக்கி மேல வரும் பாரு, அப்பதான் டீச்சர் மூச்சு வுடுவேன்" என்றீர்கள். அந்த நாள் உப்பு அதிகமாகிவிட்டதால் பேச்சு அங்கே போய்விட்டது.

இன்று செபம் முடிந்தது. உங்கள் கேங்கில் மிச்சமிருப்பவர்கள் நாற்காலி விளிம்பில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாத்திமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் 'காலிக் கொக்கி'யை உறையிலிருந்து எடுத்தேன். "அதானா?" என்று ஒருவர் கேட்டார். "அதுதான்" என்றேன். தட்டு சுற்ற ஆரம்பித்தது. முள்ளின் கையை விரலால் தூக்கினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கியது. வாரம் முழுக்க நடுங்கியதைவிட அதிகமாக. இவர்கள் முன்னால் 'கர்ர்' என்று கீறினால் உங்கள் ஆண்டு நினைவு அந்தச் சத்தத்தோடு போய்விடும். அந்தரத்தில் பிடித்தபடி நின்றேன். இறக்கவும் முடியவில்லை, திரும்ப வைக்கவும் முடியவில்லை.

கன்னியப்பன் எழுந்து வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பார்த்தார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் பிடித்தார்.

"பாட்டு, அண்ணி" என்றார். "பாட்டு... பாட்டு... இன்னும் கொஞ்சம் பாட்டு..."

பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கை இறங்க இறங்க என் கையும் இறங்கியது. முள் தட்டில் போய் உட்கார்ந்ததே தெரியவில்லை. கிட்டார் மேலே போக ஆரம்பித்த பிறகுதான் வைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

நீங்கள் என்னைக் கேலி செய்துதான் சிரித்தீர்களா, இல்லையா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. தெளிவாகும் என்ற நம்பிக்கையும் இல்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் 'எண்ணூரை' மறுபடி போடுவதாக இருக்கிறேன். பாத்திமாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். முள்ளை இறக்கும்போது நான் வாய்க்குள் ஒரு சொல் சொல்லிக்கொள்வேன். ஆரியாவா, பாட்டா என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். இது என்னிடம் இருக்கட்டும்.